நான் பாக்கலைங்க

கதவு ஏனுங் தம்பி தொறக்க மாட்டேங்குது? இந்தப் பக்கமும் தொறக்கல. சைல்டு லாக்குங்களா? அது சின்னக் கொழந்தைங்க ஓடற வண்டியில கதவத் தொறந்துரக் கூடாதுன்னு போடறதில்லீங்களா? ஓ, அம்மிணி போடச் சொல்லுச்சா. சரி, சரி. அம்மிணி சொன்னா ஒரு காரணம் இருக்கும். நான் ஒண்ணும் எறங்கி ஓடப் போறதில்ல. காலு மரத்துப் போச்சு, சித்தெ நீட்டலாம்னு பாத்தேன். அவ்வளவுதான்.

உங்க பேரு என்னன்னீங்க? சாதிக். ஊடு கரும்புக்கடைப் பக்கமா? நல்லதுங்க. எங்க டிரைவர் ஆறுச்சாமி இன்னைக்கு வரமாட்டேனுட்டான். ஏன்னு கேளுங்க. ஃபுட்பால் ஃபைனல் பாக்கோணுமாம். அவன் உள்ள கேலரியில உக்காந்திருக்கறான். என்ற கம்பெனியில கேட் பாக்கற வாட்ச்மேன் உள்ள இருக்கறான். என்ற ஊட்ல சமைக்கற அம்மாகூட மஞ்ச பனியன் போட்டுட்டு உள்ள இருக்குது. டீமுக்கு ஓனர் நானு. நான் பார்க்கிங்ல உக்காந்திருக்கறேன்.

சிரிக்காதீங்க தம்பி. இல்ல, சிரிங்க, பரவால்ல. ஊரே சிரிச்சு முடிச்சாச்சு.

ஒண்ணே ஒண்ணு உங்ககிட்டக் கேட்டுக்கறேன். இன்னைக்கு நீங்கதான் எனக்குச் சாட்சி. பாத்துக்குங்க, வண்டி ஸ்டேடியத்துக்கு முதுகக் காட்டி நிக்குது. முன்னால இருக்கற கண்ணாடிய நீங்களே திருப்பி வெச்சிருக்கறீங்க. என்ற போன் உங்க சட்டைப் பையில இருக்குது. நான் இன்னும் ஒருக்காக்கூடத் திரும்பல. நாளைக்கு யாராச்சும் கேட்டா, 'அவரு பாக்கலைங்க, நான் கூடவே இருந்தேன்'னு சொல்லிப்போடோணும். சொல்வீங்கல்ல? சத்தியமா? செரி.

எதுக்குப் பாக்கக் கூடாதுன்னா, ராசிங்க. எனக்கு ராசியில்ல. நான் பாத்தா டீம் தோத்துப் போயிரும். நான் பாக்கலைன்னா ஜெயிச்சுரும். உங்களுக்குத் தெரியாதுங்களா? கோயமுத்தூர்ல இது தெரியாத ஆளும் இருக்குதா? நீங்க கிரிக்கெட் மட்டும் பாக்கறவராட்டம் இருக்குது.

இருங்க, சத்தம் வருது. இது ஒண்ணுமில்ல. கார்னர். கார்னருக்கு இப்படித்தான் மேல போய் அப்படியே அமுங்கிரும். கோல் சத்தம் வேற தம்பி. அது அடிவயித்துல இருந்து வரும், இந்தக் கண்ணாடி அதிரும். நான் இப்படி உக்காந்தே ஒரு சீசன் முழுக்கக் கேட்டிருக்கறேன். பாத்தவனுக்குத் தெரியறத விட எனக்கு நெம்பத் தெரியும்.

நான் மோட்டார் பம்பு செய்யறவனுங்க. எங்கப்பாரு ஃபுட்வால்வு மட்டும் செஞ்சுட்டிருந்தாரு. கெணத்துல குழாய்க்கு அடியில மாட்டுவாங்கல்ல, அது. மேல ஏறுன தண்ணி திரும்பக் கீழ எறங்காமப் புடிச்சு வெக்கறதுதான் அதோட வேலை. நான் வந்துதான் பம்பு, மோட்டாரு, பவுண்டரின்னு பெருசு பண்ணுனேன். அப்பறம் இந்த லீக் வந்துது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டீமுன்னாங்க. கோயமுத்தூர் டீமை வேற எவனாச்சும் வெளியூர்க்காரன் வாங்கிப்போட்டா நமக்குக் கேவலமில்லீங்களா? வாங்கிட்டேன். 'ஃபுட்வால்வு நாச்சிமுத்து ஃபுட்பால் வாங்கிட்டான்'னு ஊர்ல ஒரே பேச்சு. எனக்கு ஃபுட்பால்னா என்னன்னு அப்ப சத்தியமாத் தெரியாது. ஆனா வாங்குன பொருள் என்னன்னு தெரிஞ்சுக்கோணுமில்ல? ஒரே மாசத்துல கத்துட்டேன். பெரிய சூட்சுமம் ஒண்ணுமில்லீங்க.

மொத சீசன்ல பாதி வரைக்கும் நான் டீம் கூடவேதான். பிராக்டிஸுக்கு மொத ஆளாப் போயிருவேன். கோச்சு குருவிளான்னு ஒருத்தரு, கோட்டயத்துக்காரரு. நெம்ப மரியாதை தெரிஞ்ச மனுசன். ஹாஃப் டைம்ல நான் டிரஸ்ஸிங் ரூமுக்குள்ள போனா அவரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு. ஓனர் பேசறப்ப நம்ம எதுக்கு நடுவாலன்னு ஒதுங்கிக்கறாரு பாருங்க. எத்தனை பேருக்கு அந்த நாகரிகம் வரும்?

நான் பசங்களுக்குத் திருநீறு பூசிவிட்டு, ஒரே ஒரு விசயம்தான் சொல்லுவேன். பந்தைப் பின்னால குடுக்காதீங்கடா. அவனுங்க பந்தைக் கொண்டுட்டுப் போவானுங்க, போவானுங்க, அப்பறம் திரும்பிப் பின்னாலயே தட்டி உடுவானுங்க. மேல ஏத்துன தண்ணியக் கீழ உட்டா அது பம்பா? ஃபுட்வால்வு போட்டாப்புல ஆடுங்கடான்னு சொல்லுவேன். பசங்க தலைய ஆட்டிட்டுக் கேட்டுக்குவாங்க. அப்பறமும் பின்னாலதான் குடுப்பாங்க. நான் ஓனர் பாக்ஸ்ல இருந்து எந்திரிச்சுக் கத்துவேன். அம்மிணி என்ற கையப் புடிச்சு உக்கார வெக்கும்.

அம்மிணின்னா என்ற மக. கோகிலவாணி. இப்ப டீமை அதுதான் பாத்துக்குது. லண்டன்ல போயி இதுக்குன்னே படிச்சுட்டு வந்துது. எனக்குப் புள்ளையும் அதுதான், எல்லாமும் அதுதான்.

இதென்ன, இத்தனை அமைதியா இருக்குது? இன்னும் கோல் விழுகலையாட்டம் இருக்குது. விழுந்திருந்தா எந்தப் பக்கம்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும். செரி, உடுங்க.

இந்த ராசிங்கறது தம்பி, சும்மா இல்ல. நான் பிஸினஸ்ல பாத்திருக்கறேன். ஒருத்தன் கையால ஆரம்பிச்சா ஓடும், இன்னொருத்தன் கையால ஆரம்பிச்சா மோட்டாரு புகஞ்சு போகும். மொத சீசன்ல எங்களுக்கு ஒரு கோல்கீப்பர் இருந்தான். ததேயுன்னு பேரு, கன்னியாகுமரிப் பக்கம் கடக்கரைப் பையன். நல்ல பையனுங்க. பீடி சிகரெட்டு கெடையாது. ராத்திரி எல்லாரும் தூங்கப் போனதுக்கப்பறமும் செவுத்துல பந்தை அடிச்சு அடிச்சுப் புடிச்சுட்டு இருப்பான். ஆனா என்ன பண்றது, கோல் விழுகுது. டிபென்ஸ் செரியில்லைன்னு குருவிளா என்னென்னமோ படம் போட்டுக் காமிச்சாரு. நான் எங்க ஜோசியர்கிட்டப் போயிட்டேன். எல்லாப் பையனுங்க ஜாதகமும் கேட்டாரு. ததேயுகிட்ட ஜாதகம் இல்ல, ஞானஸ்நானச் சீட்டுதான் இருக்குதுன்னான். ஜோசியரு அதுல இருந்த தேதிய வெச்சே பாத்துப்போட்டு, இவனுக்கும் நீங்க நிறுத்தியிருக்கற எடத்துக்கும் ஆகாதுன்னுட்டாரு.

அனுப்பிட்டேன். சீசன் நடுவாலயே. மரியாதையாத்தான் அனுப்புனேன், ஆபீஸுக்குக் கூப்புட்டு, காபி குடுத்து. 'உன்ற மேல ஒரு குத்தமும் இல்லப்பா, ராசி இல்ல, அதான்'னு சொன்னேன். அதுக்கு அந்தப் பையன் என்ன கேட்டான்னு தெரியுங்களா? 'சார், ராசிக்கு என்ன பிராக்டிஸ் பண்ணணும்? சொல்லுங்க, பண்றேன்'னான். மேனேஜரு, நானு, எல்லாரும் சிரிச்சுட்டோம். அவன் சிரிக்கல. அப்பறந்தான் நெனச்சேன், நிசமாவே கேட்டிருக்கறானாட்டம்னு. அம்மிணி மட்டும் எந்திரிச்சு வெளிய போயிருச்சு. ஏதோ போன் வந்துதாட்டம் இருக்குது. அன்னைக்கு ராத்திரி சோறும் திங்கல. வெயில் அதிகம், அந்தச் சமயத்துல.

இப்ப அந்தப் பையன் எங்க இருக்கறான்னு கேளுங்க. உள்ளதான். எதிர் டீமுக்கு கோல்கீப்பர். ஃபைனல் வரைக்கும் வந்திருக்கறான் பாத்தீங்களா! நான் அனுப்பி உட்டதாலதான தம்பி? எடம் மாறுனதும் ராசி செட்டாயிருச்சு. ஒரு நாளைக்கு வந்து எனக்கு நன்றி சொல்லுவான். சொல்லாட்டியும் பரவால்ல.

ஆங், வந்துட்டேன், என்ற கதைக்கு வந்துட்டேன். ததேயு போயி ரெண்டு மூணு மேட்ச் இருக்கும். நாங்க ஒரு கோல் பின்னால. நான் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயி, பாத்ரூம் போனேன். உள்ள இருக்கறேன், கட்டடமே அதிருது. நம்ம பசங்க கோல் போட்டுட்டாங்க. அரக்கப் பரக்க ஓடி வந்து உக்காந்தேன். உக்காந்ததும் அவனுங்க ஒண்ணு போட்டானுங்க. அம்மிணி என்னைய ஒரு மாதிரியாப் பாத்துது. 'அப்பா, மறுபடியும் ஒருக்கா பாத்ரூம் போயிட்டு வாங்களேன்'னுது. வெளையாட்டுக்குத்தான். நானும் வெளையாட்டுக்குத்தான் போனேன். கோல்! நான் அங்கயே நின்னுட்டேன் தம்பி, டாய்லெட்டுக்குள்ள, மேட்ச் முடியற வரைக்கும். ஜெயிச்சுட்டோம். கூட்டிப் பெருக்கற அம்மா கதவத் தட்டி, 'ஐயா, உடம்புக்கு ஏதாச்சுங்களா?'ன்னு கேட்டுது.

'அடுத்த மேட்ச் ஊட்ல இருங்கப்பா, என்னதான் ஆகுதுன்னு பாக்கலாம்'னு அம்மிணி சொல்லுச்சு. இருந்தேன். ஜெயிச்சுது. குருவிளா ஊட்டுக்கே வந்து என்ற கையப் புடிச்சுக்கிட்டாரு. கண்ணுல தண்ணி. 'சார், இந்த தியாகத்தை நான் மறக்க மாட்டேன்'னாரு. கோச்சே நம்பறப்ப, நான் எப்படிங்க நம்பாம இருக்கறது?

அப்பறம் ஒரு மேட்ச் தோத்துது. நான்தான் ஊட்ல இருந்தனே! அம்மிணி வந்து, 'அப்பா, டிவியில பாத்தீங்களா?'ன்னு கேட்டுது. பாத்தேன், டிவியில பாக்கக் கூடாதுன்னு யாரு சொன்னா? கேக்கும்போதே அம்மிணிக்குச் சிரிப்பு வர்ற மாதிரி இருந்துது. அழுகையா இருந்திருக்கும், தோத்துட்டமில்ல. அன்னையோட ரிமோட்டும் போச்சு, உள்ளூர் மேட்ச்னா இப்படிப் பார்க்கிங்ல உக்காந்துக்கறதுன்னு ஆச்சு. இன்னொரு தடவை நான் ஆஸ்பத்திரியில கண்ணு ஆப்பரேஷன் பண்ணி ரெண்டு கண்ணையும் கட்டிப் படுத்திருக்கறேன், அன்னைக்கும் தோத்துது. 'கனவுல ஏதாச்சும் வந்துச்சாப்பா?'ன்னு கேட்டுது. யோசிச்சுப் பாத்தேன். வந்துது தம்பி! மஞ்ச பனியன் போட்டுட்டு யாரோ ஓடுனாங்க. பொய் சொல்ல முடியுங்களா? ஆமா கண்ணுன்னுட்டேன்.

என்ற ஊட்டுக்காரி சரசு இருக்கறாளே, அவளுக்கு எதுலயும் குத்தம்தான். 'உங்களை உள்ள உடாம இருக்கறதுக்கு அவளும் அந்தக் கோச்சும் சேந்து கட்டி உட்ட கதை இது, இதுகூடத் தெரியலையா உங்களுக்கு'ங்கறா. பெத்த பொண்ணைப் பத்திப் பேசற பேச்சா இது? ரெண்டு நாள் அவகூட நான் பேசல. என்னைய எதுக்குத் தம்பி உள்ள உடாம இருக்கோணும்? நான் டீமுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?

இருங்க! இருங்க!

என்ன சத்தமே இல்ல? இது... தம்பி, இது நெம்ப மோசமான சத்தம். பத்தாயிரம் பேரு உக்காந்திருக்கற எடத்துல சத்தமில்லைன்னா நமக்கு கோல் விழுந்துட்டுதுன்னு அர்த்தம். மேளம் நின்னு போச்சு கேட்டீங்களா? ஒரு ஓரத்துல மட்டும் நாலு பேரு கத்தறாங்க. அது அவிங்க ஆளுங்க. உங்க போன் அடிக்குது. சொல்லாதீங்க! நான் கேக்க மாட்டேன். மொகத்தையும் அக்கட்டால திருப்பிக்குங்க, உங்க மொகத்துலயே ஸ்கோர் தெரியுது.

போச்சு. ஒண்ணுக்கு சைபர்.

தம்பி, நான் பாக்கல. பாத்தனா? சொல்லுங்க. கையக் காமிங்க, இப்படி வெச்சுக்கிட்டுத்தான இருந்தேன், மடியில. திரும்புனனா? இல்லல்ல? நான் பாக்காமயே கோல் விழுந்திருக்குது! புரியுதுங்களா உங்களுக்கு? இது மட்டும் இப்படியே முடிஞ்சா இன்னையோட நான் விடுதலை. நாளைக்கு நேரா ஸ்டேடியத்துக்குப் போவேன், என்ற சேருல உக்காருவேன், ஒருத்தன் என்னைய ஒண்ணும் சொல்ல முடியாது. சாட்சி இருக்குதுல்ல!

என்ன பேச்சு பேசறேன் பாருங்க. தன்ற டீம் தோக்கோணும்னு எவனாச்சும் வேண்டுவானா? வாயில அடிச்சுக்கோணும். அந்தப் பசங்க பாவம். ஜெயிக்கட்டும் சாமி, ஜெயிக்கட்டும்.

ஆனா ஜெயிச்சா என்ன ஆகும்னு சொல்லட்டுங்களா? இந்தப் பட்டுச் சட்டைய எதுக்குப் போட்டுட்டு வந்திருக்கறேன்? கப்பை ஓனர் கையிலதான் குடுப்பாங்க. ஜெயிச்சதும் அம்மிணி ஓடி வந்து கதவத் தொறந்து என்னையக் கூட்டிட்டுப் போகும். கப்பை வாங்குவேன், போட்டோ புடிப்பாங்க. அப்பறம்? ஆயுசுக்கும் இந்தக் காருக்குள்ளதான். ஃபைனல்லயே செல்லுபடியான ராசிய அப்பறம் எவன் உடுவான்? தோத்தா நான் வெளிய. ஜெயிச்சா நான் உள்ள. ராத்திரி பூராத் தூங்கல தம்பி. சாமி ரூம்ல நின்னு என்ன வேண்டறதுன்னே தெரியாம, சும்மா கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

வித்துப்போட்டுப் போங்கறீங்களா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. விக்கப் போனேங்க! ஹைதராபாத்காரன் ஒருத்தன் கேட்டான், அட்வான்ஸ் வாங்கற வரைக்கும் வந்துட்டுது. எப்படியோ வெளிய தெரிஞ்சுருச்சு. காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், ஊட்டு முன்னால மேளம். மஞ்சப் பனியனா நிக்குது தெரு பூரா. 'அண்ணா, வித்துறாதீங்க. வெளிய வெச்சா டீம் ஜெயிக்கற ஓனர் எங்களுக்கு வேற எங்க கெடைப்பாங்க? புதுசா வர்றவன் ராசி எப்படி இருக்குமோ'ன்னு கால்ல உழுகறானுங்க. ஒருத்தன் மண்ணெண்ணெய் கேனோட வந்துட்டான். எப்படிங்க விக்கறது?

அவினாசி ரோட்டுல ஃபிளெக்ஸ் வெச்சாங்க, பாத்திருப்பீங்க. என்ற போட்டோ, கும்பிட்டாப்புல. கீழ என்ன எழுதியிருந்துது தெரியுங்களா? 'வராமல் இருந்து எங்களை வாழவைக்கும் தியாகச் செம்மலே!' மந்திரிங்களுக்குக்கூட அத்தனை பெருசா வெக்கல. நானும் நின்னு பாத்தேன். சந்தோசமாத்தான் இருந்துது, பொய் சொல்லக் கூடாது. ஆனா அன்னையிலிருந்து ஊரே எனக்குக் காவல். மேட்ச் அன்னைக்குக் கோயிலுக்குப் போனா அய்யரு கேக்கறாரு, 'எங்க போறேள், டிவி இல்லாத எடமா?' உடுமலையில ஒரு கல்யாணத்துக்குப் போனேன். என்னையப் பாத்ததும் மண்டபத்துல டிவிய நிறுத்திப்போட்டாங்க. பொண்ணோட மாமன் வந்து, 'சாப்புட்டாச்சுங்களாண்ணா, கெளம்பலாமுங்களா'ங்கறான். தாலியே கட்டல இன்னும்.

ஒரு மாசமா என்ன தோணுதுன்னா தம்பி, ஃபுட்வால்வுக்குள்ள போன தண்ணியாட்டம் ஆயிட்டேன். மேல போகவும் முடியல, திரும்பி வரவும் முடியல. நான் செஞ்ச வால்வுதான். நல்லா செஞ்சிருக்கறேன்.

இப்ப நீங்களே சொல்லுங்க, உள்ள எப்படி இருக்குது? ஸ்கோர் வேண்டாம். புல்லு. புல்லு பச்சையா இருக்குமுங்களா இந்த வெயிலுக்கு? நான்தான் போர் போட்டுக் குடுத்தேன், ஏழரை எச்பி மோட்டாரு. அது மேல தண்ணி அடிக்கறதக்கூட நான் பாத்ததில்ல. சரி, நீங்க எங்க பாத்திருக்கப் போறீங்க.

அய்யோ! கேட்டீங்களா! கேட்டீங்களா! கண்ணாடி அதிருது! அடிவயித்துச் சத்தம்! கோலு! நம்ம கோலு தம்பி! ஒண்ணுக்கு ஒண்ணு! என்ற சாமி! காலருல ஏதாச்சும் கறை இருக்குதா பாருங்க. தண்ணி பாட்டிலைக் குடுங்க, மொகம் கழுவிக்கறேன்...

என்ன? கோல் இல்லீங்களா? பெனால்டியா? நமக்கா? யாருங்க சொன்னது, அந்த செக்யூரிட்டியா? பெனால்டி குடுத்ததுக்கா இத்தனை சத்தம்! நான் தப்பாக் கேட்டுட்டேன் பாருங்க, இத்தனை நாளும் தப்பே பண்ணுனதில்ல. கடைசி நிமிசம் வேற. போட்டா எக்ஸ்ட்ரா டைம். நம்ம பக்கம் யாரு அடிப்பான்னு எனக்குத் தெரியும். கவியரசு. எங்க பவுண்டரியில மோல்டிங் வேலை பாக்கற ரங்கநாயகி பையன். சின்னப் பையன், மீசை இப்பத்தான் மொளைக்குது. தப்பே உட மாட்டான். பவுண்டரி காம்பவுண்டுல வெளையாடிட்டிருந்தவன், அவனை எடுத்ததே நான்தான். அது ஒண்ணு மட்டும் ஜோசியரைக் கேக்காம எடுத்தேன்.

ததேயு நிக்கறான் அக்கட்டால. பேசாதீங்க.

பேசாதீங்க.

...

அது என்ன சத்தம் தெரியுங்களா? அது 'அய்யோ'. அத்தனை பேரும் ஒண்ணா அய்யோங்கறது. புடிச்சுட்டான். ததேயு புடிச்சுட்டான்.

விசிலு. முடிஞ்சுது.

நான் பாக்கல. நீங்க பாத்தீங்கல்ல, நான் பாக்கல. இந்தப் பட்டுச் சட்டைப் பட்டனை நான் எப்பப் பிச்சேன்? சந்தோசத்துலதான் போல. வெளிய வந்துட்டேன் தம்பி. யாரும் இனி என்னைய ஒண்ணும் சொல்ல முடியாது. அம்மிணிகிட்ட நீங்களே சொல்லுங்க, உங்க வாயால. போன் அடிக்குது, அதுதான். ஸ்பீக்கர்ல போடுங்க.

சொல்லு கண்ணு... தெரியும் கண்ணு. சத்தத்துலயே தெரிஞ்சுது. அழுவாத... நம்ம ரசிகருங்களா? எங்க நிக்கறாங்க? டிரஸ்ஸிங் ரூம் கேட்டுகிட்டயா? போலீசு இல்லையா? கவியரசை வெளிய உடச் சொல்றாங்களா? எதுக்கு? கல்லு வேற எறியறாங்களா! அவன் என்ன பண்றான்?... பெஞ்சுக்கு அடியில உக்காந்திருக்கறானா? ரங்கநாயகியும் கூட்டத்துலதான் இருக்குதாம்மா? அட சாமி... குருவிளா போயிச் சொன்னாருல்ல? கேக்க மாட்டேங்கறாங்களா...

என்ன கேட்ட? சத்தமாக் கேளு கண்ணு, கேக்கல.

தம்பி. போனைக் கையால சித்தெ மூடுங்க.

கேட்டீங்களா அது என்ன கேக்குதுன்னு? 'அப்பா, நீங்க பாத்தீங்களா'ங்குது. எத்தனையோ தடவை கேட்டிருக்குது இதையே. அப்பெல்லாம் சிரிப்பை அடக்கிக்கிட்டுக் கேக்கற மாதிரி இருக்கும், ஏன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. இன்னைக்கு அப்படி இல்ல. இன்னைக்கு நிசமாவே கேக்குது. நான் ஆமான்னு சொல்லிர மாட்டனான்னு கேக்குது.

பாக்கலைன்னு சொன்னா, எல்லாம் முடிஞ்சுது. நான் வெளிய. நீங்க இருக்கறீங்க சாட்சிக்கு. ஆனா தம்பி, நான் பாக்காமயே தோத்துதுன்னா, இத்தனை நாள் ஜெயிச்சது எதுனால? நான் உக்காந்திருந்தது, டாய்லெட்டுல நின்னது, கல்யாணத்துல இருந்து எந்திரிச்சு வந்தது, எல்லாம் எதுக்கு? அப்ப நான் இந்த டீமுக்கு யாருங்க? அந்தப் பையன் பெஞ்சுக்கு அடியில உக்காந்திருக்கறான்.

கையை எடுங்க.

பாத்துட்டேன் கண்ணு. ஆமா. பெனால்டின்னதும் மனசு கேக்கல, கண்ணாடிய எறக்கித் திரும்பிப் பாத்துட்டேன். டிரைவர் தம்பி வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு. என்ற தப்புதான். மைக்குல சொல்லிப்போடு. ஓனர் பாத்துட்டாருன்னு சொல்லு. அவனைச் சும்மா உடச் சொல்லு... சொல்லு கண்ணு, நான் சொல்றேனில்ல... என்ன அப்பாவா? அப்பா, அப்பான்னு எதுக்கு அழுவற? போயிச் சொல்லு மொத.

என்னைய எதுக்குத் தம்பி அப்படிப் பாக்கறீங்க? எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், போதும். சாட்சி வேண்டாம். யாரு கேட்டாலும் பாத்தாருன்னே சொல்லிப்போடுங்க.

மைக்கு... கேக்குதுங்களா? என்ற பேரு. நாச்சிமுத்துன்னு சொல்றாங்க. ஸ்டேடியத்துக்குள்ள என்ற பேரு கேட்டு எத்தனை நாளாச்சு. இந்தச் சத்தத்தைக் கேளுங்க தம்பி. எல்லாம் என்னையத்தான் வையறாங்க. ஒரு கோலுக்குக்கூட இத்தனை சத்தம் வந்ததில்ல.

ததேயு அன்னைக்குக் கேட்டானே, ராசிக்கு என்ன பிராக்டிஸ் பண்ணணும்னு. எதுக்கோ இப்ப ஞாபகம் வருது.

வண்டிய எடுங்க, ஆளுங்க இந்தப் பக்கமா ஓடி வர்றாங்க. என்னங்க? மேட்ச் முடிஞ்சுதே, இனி ஒருக்காத் திரும்பிப் பாக்கலாமுங்கறீங்களா? வேண்டாங்க. அடுத்த சீசன் இருக்குது. நீங்களே வாங்க, ஆறுச்சாமி வேண்டாம். அந்த சைல்டு லாக்கை எடுக்காதீங்க, போட்டாப்புலயே இருக்கட்டும்.